கொரங்காட்டு மண் ஓடாமல் நிற்க...

காங்கேயம் பகுதி வாசகர் ஒருவரின் கேள்வி: "எங்களுக்கு 4 ஏக்கர் கொரங்காடு. மழை பெய்தால் செந்தண்ணீராக ஓடுகிறது. கிழக்கு வேலியோரம் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. புல் குறைந்து 3 மாடுகளுக்கே தீவனம் பற்றவில்லை. பள்ளத்தை மண் கொட்டி மூடி, காட்டை உழுதுவிடலாமா? இல்லை, மாட்டை விற்றுவிடலாமா?"

பதில்: மூன்றும் வேண்டாம். கொட்டிய மண் அடுத்த மழையில் போய்விடும். உழுதால் மிச்சமுள்ள புல் தூரும் அறுபடும்.

கோளாறு தொடங்கியது மேட்டுப் பகுதியில். வெறுந்தரையில் மழைத்துளி அடிக்கும்போது மண் சிதறி, நுண்துளைகள் அடைபடும். தண்ணீர் உள்ளே இறங்காமல் மேல்மண்ணை அரித்துக்கொண்டு வழியும். புல் தூர்கள் வேர் தெரியத் திட்டாக நிற்பதும், தரையில் சரளைக்கல் மிகுவதும் இதன் அடையாளம். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் கனம் மண் போனாலே, போனது 5 டன்னுக்கு மேல்.

செய்ய வேண்டியவை:

1. காட்டை இரண்டாகப் பிரித்து, மேட்டுப் பாதியில் முதல் மழையிலிருந்து புல் விதை உதிரும்வரை மாடு விடக்கூடாது. அதுவரை சோளத்தட்டு கொடுத்துச் சமாளிக்கலாம்.

2. வெற்றிடங்களை லேசாகக் கீறி, முதல் மழை ஈரத்தில் கொழுக்கட்டைப் புல் விதையை மணலோடு கலந்து தூவி, மேலாக மூட வேண்டும். முழு ஏக்கருக்கு 3 கிலோ போதும். புதிதாக உருவிய விதை சரியாக முளைக்காது. 6 மாதமாவது வைத்திருந்த விதையே நல்லது. கூடவே முயல் மசால் தூவலாம். அதன் விதை உறை கடினம் என்பதால் 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் வைத்து, பிறகு இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும்.

3. சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில் சிறு வாய்க்கால் எடுத்து, மண்ணைத் தாழ்ந்த பக்கம் வரப்பாகப் போட வேண்டும். மட்டம் தவறினால் தண்ணீர் ஒரே இடத்தில் சேர்ந்து உடைக்கும். மட்டம் பார்க்க வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகலாம்.

4. பள்ளத்தில் மேலிருந்து கீழாகக் கல் தடுப்புகள் அடுக்க வேண்டும். இரு ஓரமும் கரைக்குள் ஒரு அடி புதைந்திருக்க வேண்டும். நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் கல்லைச் சுற்றிக் கரையை அரிக்கும். கீழ்த் தடுப்பின் உச்சி, மேல் தடுப்பின் அடிமட்டத்துக்கு வருமாறு இடைவெளி விடலாம். தடுப்புக்குப் பின்னால் தேங்கும் வண்டலிலும் புல் விதையைத் தூவலாம்.

5. மாடு நடந்து தேய்ந்த தடம்தான் பல காடுகளில் வாய்க்காலாகிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழி சரிவில் நேராக இறங்கினால், அதைக் குறுக்காக மாற்ற வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன் கல் தடுப்பும் வரப்பும் முடிந்திருக்க வேண்டும். மழை விட்டவுடன் வேலியோரம் போய்ப் பார்த்தால் பலன் தெரியும்: வழியும் தண்ணீர் செம்மை குறைந்து தெளிந்தால், மண் காட்டிலேயே நிற்கிறது. புல் பழைய அடர்த்திக்கு வர இரண்டு மூன்று பருவமாகும். அதுவரை மாட்டைக் கூட்டாமல் இருந்தால் போதும், விற்க வேண்டியதில்லை.