தோளுக்குச் சாவித்துளை போதுமா?

நெட்டப்பாக்கம், கரியமாணிக்கம், ஏம்பலம் பக்கத்து ஊர்களில் சடுகுடு ஆடாத பையன்கள் குறைவு. பாடிப் போனவனின் கையைப் பிடித்து எதிரணியினர் பின்னால் இழுக்கும்போது, "ஐயோ, கை இறங்கிப் போச்சு!" என்ற அலறல் சில வேளை கேட்கும். உண்மையில் இறங்குவது கை அல்ல, மாணவர்களே. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை தன் கிண்ணத்தை விட்டு, பெரும்பாலும் முன்பக்கமாக, நழுவிவிடுகிறது.

நம் உடலில் மிக அதிகமாகச் சுழலும் மூட்டு தோள்தான். அதற்கு ஒரு விலை உண்டு. இடுப்பு மூட்டின் கிண்ணம் ஆழமானது. தோள் கிண்ணமோ ஆழமற்ற சிறு தட்டு. எலும்புத் தலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் எந்நேரமும் அதன்மேல் பதிந்திருக்கும். தட்டைச் சுற்றியுள்ள நார்க்குருத்து விளிம்பும் தசைநார்களுமே தலையைப் பிடித்து நிறுத்துகின்றன. தோள் நழுவும்போது இந்த விளிம்பு கிழிகிறது என்பதை 1923-இல் எடுத்துக்காட்டியவர் லண்டன் அறுவை மருத்துவர் பாங்கார்ட். கிழிந்தது பழைய இடத்தில் சரியாக ஒட்டாவிட்டால், அடுத்த முறை சட்டை மாட்டும்போதுகூடத் தோள் நழுவலாம். இளவயதினருக்கே இந்தத் தொல்லை அதிகம்.

(மைதானத்திலேயே நண்பர்கள் கூடி இழுத்து மாட்டிவிடும் வீரம் வேண்டாம். அக்குளை ஒட்டி நரம்பும் இரத்தக் குழாயும் ஓடுகின்றன. கையைத் துண்டால் கழுத்தோடு கட்டி, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.)

திரும்பத் திரும்ப நழுவும் தோளுக்கு அறுவைதான் வழி என்றால், எந்த அறுவை? தோளின் முன்புறம் சில அங்குலம் கீறி, தசையை விலக்கி, விளிம்பை எலும்போடு தைப்பது திறந்த முறை. இரண்டு மூன்று சிறு துளைகள் இட்டு, சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள நோக்குக் கருவியை உள்ளே விட்டு, திரையில் பார்த்தபடியே தைப்பது சாவித்துளை முறை. 1918-இல் டோக்கியோவில் தகாகி என்ற மருத்துவர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை ஒரு பிணத்தின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்ததில் தொடங்கிய கலை இது.

சிறிய தழும்பு, குறைந்த வலி. ஆகவே சாவித்துளைதான் புதுமை, திறந்த முறை பழைய பஞ்சாங்கம் என்று பலர் பேசுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. கனடாவின் கால்கரி நகரில் 196 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கி ஆராய்ந்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் மீண்டும் தோள் நிலை தவறியவர்கள், திறந்த முறையில் நூற்றுக்கு 11 பேர். சாவித்துளையில் 23 பேர். ஆனால் "அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கிறது?" என்று கேட்டபோது இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் கொடுத்தார்கள்! ஆகவே எந்த முறைக்கும் முழு வெற்றி என்று சொல்வதற்கில்லை.

என் கருத்தில், கேட்க வேண்டிய முதல் கேள்வி தழும்பைப் பற்றியதே அல்ல. எலும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது? 2000-ஆம் ஆண்டில் பர்க்கார்ட், டி பியர் என்ற இரு மருத்துவர்கள் சாவித்துளை முறையில் தைத்த 194 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். எலும்பில் பெரிய குறை இல்லாத 173 பேரில் 7 பேருக்கே தோள் மீண்டும் நிலை தவறியது. பெருங்குறை இருந்த 21 பேரில் 14 பேருக்குத் தவறியது! தட்டின் ஓரமே உடைந்திருந்தால், விளிம்பை எவ்வளவு அழகாகத் தைத்தும் பயன் என்ன?

அத்தகையவர்களுக்கு, தோளின் முன்னுள்ள காக்கை அலகு போன்ற எலும்பு நுனியை வெட்டி, தட்டின் ஓரத்தில் திருகாணியால் பொருத்துகிறார்கள். பிரெஞ்சு மருத்துவர் லத்தார்ஜே இதை விளக்கியது 1954-இல். நெட்டப்பாக்கம் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்டதும் அதே ஆண்டுதான். இன்றும் இது பெரும்பாலும் திறந்த முறையிலேயே நடக்கிறது.

ஆகவே கோரிமேட்டு ஜிப்மருக்குப் போனாலும் வேறு மருத்துவமனைக்குப் போனாலும், இரண்டு செய்திகளை மருத்துவரிடம் விடாமல் பேசுங்கள். ஸ்கேன் படத்தில் எலும்புக் குறை எவ்வளவு என்று கேளுங்கள். நீங்கள் சடுகுடு ஆடுகிறவர் என்பதையும் சொல்லுங்கள். எழுத்து வேலை செய்பவரின் தோளும் பாடிப் போகிறவரின் தோளும் ஒரே பாரத்தைத் தாங்குவதில்லை. துளை சிறிதானாலும் உள்ளே தைத்த திசு ஒட்டுவதற்கு அதே காலம்தான் ஆகும். பொங்கலுக்கு அறுவை செய்துகொண்டவர், எந்த முறையானாலும், களத்தில் இறங்க ஏறக்குறைய ஆடி மாதம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.