மாற்றிப் பார்க்க ஒரு றாம் இருந்தால்

மண்டூர்த் துறையில் பாதைக்குக் காத்து நிற்கும்போது நாங்கள் அடிக்கடி காண்கிற காட்சி இது. மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு இருக்கிறவரின் மடியில் பழைய பெட்சீற்றால் சுற்றிய கொம்பியூட்டர் பெட்டி. பாதையில் ஏற்றி, குருமண்வெளியில் இறக்கி, களுவாஞ்சிகுடிக்கோ கல்முனைக்கோ கொண்டு போவார்கள். "என்ன பழுது?" என்று கேட்டால், "தெரியா கா, ஓண் ஆகுதில்ல" என்பார்கள். மூன்று நாள் கழித்து அதே பெட்டி திரும்பி வரும். "என்ன செஞ்சவங்க?" என்று கேட்டால், "தெரியா, என்னமோ மாத்தினவங்களாம்."

போகும்போதும் தெரியாது, வரும்போதும் தெரியாது. இந்த இரண்டு 'தெரியாது'களுக்கும் இடையில்தான் எங்கட ஊர்க் காசு போகிறது என்பது எங்கள் கருத்து. இதை மாற்றப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு பெட்டி நிறையப் பழைய பாகங்களும், அதைப் பொதுவில் வைத்திருக்கிற மனமும் போதும்.

எங்களுக்கு இந்த யோசனை வந்த கதையைச் சொல்கிறோம். எங்களில் ஒருவரின் அக்கா ரியூசன் வகுப்புகளுக்கு வினாத்தாள் தட்டச்சு செய்து கொடுப்பவர். அந்த வீட்டு மாதச் செலவில் பாதி அந்தக் கொம்பியூட்டரில் இருந்துதான் வருகிறது. 2020இல் பாடசாலைகள் மூடிய காலத்தில், தம்பியின் ஒன்லைன் வகுப்புக்கென்று இரண்டாம் கையாக வாங்கியது. ஒரு நாள் காலையில் சுவிட்சைப் போட்டால் காற்றாடி சுற்றுகிறது, லைற் எரிகிறது, திரையில் ஒன்றுமில்லை. ஒரு கடைக்குக் கொண்டு போனார்கள். "போட் போயிட்டு. இந்த மொடலுக்கு இனிப் போட் எடுக்க ஏலாது. புதுசு ஒண்டு எடுங்க." சொன்ன விலை, வெள்ளாமைக்கு உரம் வாங்க ஒதுக்கிய காசை அப்படியே விழுங்கும்.

அக்கா இரண்டு நாள் யோசித்தார். அதற்குள் எங்களில் இன்னொருவர், தன் வீட்டில் செத்துக் கிடந்த ஒரு பெட்டிக்குள் இருந்த றாமைக் கழற்றிக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தார். திரை வந்தது. மறுகா, அக்காவின் பழைய றாமை எடுத்துப் பார்த்தால், செம்மஞ்சளாய் மின்ன வேண்டிய அதன் பல்வரிசை கறுத்துப் போயிருந்தது. பள்ளிக்கூடப் பையில் இருந்த அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, துணியால் துடைத்துப் போட்டோம். அதுவும் வேலை செய்தது. மொத்தச் செலவு அழிறப்பர் ஒன்று.

அந்தக் கடைக்காரர் பொய் சொன்னாரா? எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மாட்டிப் பார்க்க ஒரு மணித்தியாலம் வேண்டும். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு நாங்கள் காசு கொடுப்போமா? "சும்மா பாத்ததுக்குக் காசா?" என்று கேட்கிறவர்கள் நாங்கள்தானே. ஆனால் புதுப் பாகம் ஒன்றைக் கையில் காட்டினால் பேசாமல் எண்ணிக் கொடுப்போம். பழுதைத் தேடுகிற வேலைக்கு நாங்கள் விலை வைக்கவில்லை, பொருளுக்கு மட்டும்தான் வைத்திருக்கிறோம். பிறகு கடைக்காரர் பொருளை விற்காமல் என்ன செய்வார்? ஆகவே எங்கட முதல் கோரிக்கை எங்களிடமேதான்: பழுது பார்த்த நேரத்துக்குக் காசு கொடுப்போம். பதிலுக்கு என்ன பழுது என்று ஒரு துண்டில் எழுதிக் கேட்போம், கழற்றிய பாகத்தையும் திருப்பிக் கேட்போம்.

இரண்டாவது, கடைக்குப் போக முதல் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை இருக்கின்றன. படுவான்கரையில் கொம்பியூட்டருக்கு வருகிற வருத்தங்கள் பெரும்பாலும் எங்கட காற்றும் கரண்டும் தருகிறவை. வாவிப் பக்கத்து ஈரக் காற்றில் உலோகம் கறுக்கும். அதனால்தான் அந்த றாம் கறுத்தது. வெள்ளாமை வெட்டுக் காலத்தில் பறக்கிற தூசியும் பதரும் பெட்டிக்குள் போய், காற்றாடிக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையில் மெத்தை மாதிரிப் படியும். பெட்டி பத்து நிமிடம் ஓடிப்போட்டுத் தானாக நின்றால், சூட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தூசியைத் துடைத்து, காய்ந்து தூளாகிப்போன பசையைச் சுரண்டிப் புதுப் பசை பூசினால் அநேகமாகச் சரிவரும்.

ஒவ்வொரு முறையும் திகதி பழைய வருடத்துக்குப் போனால், போட்டில் இருக்கிற நாணயம் போன்ற சிஆர் 2032 பற்றறி முடிந்துவிட்டது. மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். திகதி பிழைத்தால் பல இணையத்தளங்களும் திறக்காது. அதைப் பார்த்து "இன்டர்நெட் பழுது" என்று றவுட்டரை மாற்றினவர்களையும் எங்களுக்குத் தெரியும். கரண்ட் பக்கம் இன்னொரு சங்கதி: பெட்டியைத் தொட்டால் விரலில் விறுவிறுக்கிறது என்றால், எர்த் இல்லை. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடப்டரில் சொருகியிருப்பார்கள். ஒக்டோபர், நவம்பரில் இடி மின்னல் தொடங்கினால் பிளக்கைக் கழற்றுகிற எல்லோரும் றவுட்டர் வயரை மறந்துவிடுகிறார்கள். மின்னல் அந்த வழியாலும் வரும்.

ஒன்றை மட்டும் தொட வேண்டாம். பவர் சப்ளை பெட்டியின் மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் இருக்கிற கொள்ளளவிகளில் மின்சாரம் தேங்கி நிற்கும், ஆளை அடிக்கும். அது பழுது என்றால் முழுதாக மாற்றுவதுதான் முறை.

சரி, பழுது என்னவென்று ஊகித்துவிட்டோம். அதை எப்படி உறுதிப்படுத்துவது? கடைக்காரருக்கும் எங்களுக்கும் இருக்கிற பெரிய வித்தியாசம் அறிவு இல்லை. அவருடைய மேசையில் நல்ல றாம் ஒன்றும், நல்ல பவர் சப்ளை ஒன்றும், நல்ல வயர் ஒன்றும் கிடக்கும். சந்தேகமான பாகத்தை எடுத்துவிட்டு நல்லதைப் போட்டுப் பார்ப்பார், அவ்வளவுதான். ஒரு வீட்டில் ஒரு கொம்பியூட்டர்தான் இருக்கும். மாற்றிப் பார்க்க இன்னொரு பாகம் அந்த வீட்டில் இருக்காது. இதனால்தான் யூடியூப்பில் எத்தனை வீடியோ பார்த்தாலும் கடைசியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு துறைக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒரு வீட்டில் இல்லாதது ஊரில் இருக்கிறது. கோடிப்பக்கத்திலும் அலுமாரிக்கு மேலேயும் செத்த பெட்டிகள் எத்தனை கிடக்கின்றன! போட் செத்த பெட்டியில் றாம் உயிரோடு இருக்கும். றாம் செத்த பெட்டியில் பவர் சப்ளை நல்லாக இருக்கும். செத்த வீட்டுக்கு நாங்கள் ஒவ்வொருவரும் கதிரை வாங்குவதில்லையே. மரண உதவிச் சங்கத்தில் கதிரையும் கிடாரமும் இருக்கிறது, தேவைப்பட்டவர் எடுத்துப் பாவித்துவிட்டுக் கொண்டுவந்து வைக்கிறார். அதே வழக்கத்தில் ஒரு பாகப் பெட்டி வைத்தால் என்ன? டிடிஆர் 3, டிடிஆர் 4 றாம் ஒவ்வொன்று, ஒரு பவர் சப்ளை, ஒரு எஸ்எஸ்டி, திரை வயர்கள், ஸ்குரூ டிரைவர், பசை. ஒவ்வொன்றிலும் 'சோதித்தது' என்று திகதியோடு ஒரு துண்டு ஒட்டியிருந்தால் போதும்.

பழசைத் திருத்துவதில் காசை விட வேறு விடயமும் இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் மின்கழிவு அறிக்கைப்படி 2022இல் உலகம் எறிந்த மின்கழிவு 62 மில்லியன் தொன். அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 வீதம் மட்டுமே. அதே 2022இல் எங்கட நாட்டில் நடந்ததை மறக்க முடியுமா? மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. வெளிநாட்டில் இருந்து வருகிற ஒவ்வொரு பாகத்தின் விலையும் அதோடு ஏறியது. "புதுசு எடுங்க" என்ற சொல் கொழும்பில் ஒரு பாரம் என்றால் படுவான்கரையில் இரண்டு பாரம்.

இப்போது அந்தச் சொல் இன்னொரு வடிவில் வருகிறது. 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடுவதற்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத சிப் வேண்டும். எங்கட பக்கத்து வீடுகளில் இருக்கிற இரண்டாம் கைப் பெட்டிகள் பல மூன்றாம், நான்காம் தலைமுறை. ஒரு திருகாணியும் கழரவில்லை, ஒரு வயரும் எரியவில்லை, ஆனாலும் 'பழுது' என்று பெயர். பதிவு செய்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல் கிடைக்கும். அதற்குப் பிறகு?

நாங்கள் சொல்வது, பெட்டியை எறிய முதல் லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள். காசில்லை. பென் டிரைவில் போட்டு, உள்ளே இருக்கிறதை அழிக்காமலே ஓட்டிப் பார்க்கலாம். லிப்ரே ஒஃபிஸ் கூடவே வருகிறது, யூனிகோட் தமிழ் சுகமாக ஓடும். கஷ்டம் இல்லையென்று சொல்ல மாட்டோம். அக்காவின் பழைய வினாத்தாள்கள் எல்லாம் பாமினியில் இருந்தன. எழுத்துருவைப் பதிந்த பிறகும் சில தாள்களில் அட்டவணை குலைந்தது, அவற்றைத் திரும்ப ஒழுங்குபடுத்த ஒரு கிழமை எடுத்தது. அந்த ஒரு கிழமையில் அவர் எங்களை ஏசினதும் உண்மை. விண்டோஸில் மட்டும் ஓடுகிற மென்பொருளை நம்பித் தொழில் செய்கிறவருக்கு இது சரிவராமலும் போகலாம்.

தரமுயர்த்துவது என்றால் எதில் தொடங்குவது? எல்லோரும் முதலில் கேட்பது றாம். எங்கட அனுபவத்தில் முதலில் மாற்ற வேண்டியது சுற்றுகிற ஹார்ட் டிஸ்க். அதன் இடத்தில் சாதாரண சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால், தேத்தண்ணி வைத்துக் குடிக்கிற நேரம் எடுத்துத் திறந்த பெட்டி அரை நிமிடத்துக்குள் திறக்கும். அதற்குப் பிறகு, றாம் 4 ஜிபி என்றால் 8 ஆக்கலாம். ஆனால் டிடிஆர் 2 றாம் போடுகிற காலத்துப் பெட்டிக்குப் புதுக் காசு இறைக்காதீர்கள். அது பாகப் பெட்டிக்குத் தன் வயரையும் பவர் சப்ளையையும் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கட்டும். எதைச் செய்யவும் முதல், உள்ளே இருக்கிற படங்களையும் கோப்புகளையும் வேறொரு இடத்தில் எடுத்து வையுங்கள். போட்டும் றாமும் கடையில் கிடைக்கும், அம்மம்மாவின் படம் கிடைக்காது.

கடைசியாகப் பாடசாலைகளுக்கு ஒரு வார்த்தை. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படித்த நாங்கள் மதர்போட்டின் பாகங்களைப் பாடமாக்கிப் புள்ளி எடுத்தோம். ஆனால் ஒரு பெட்டியைத் திறந்து றாமைக் கையில் எடுத்தது பரீட்சை முடிந்து பல வருடத்துக்குப் பிறகு, அதுவும் பயந்து பயந்து. கொம்பியூட்டர் அறையில் தூசி படிந்து கிடக்கிற ஓடாத பெட்டிகளில் இரண்டையாவது பிள்ளைகளிடம் கொடுங்கள். கழற்றிப் பூட்டட்டும். ஏற்கெனவே செத்ததை அவர்கள் இன்னும் எப்படிக் கெடுக்கப் போகிறார்கள்?

அக்காவின் பெட்டி இப்போதும் ஓடுகிறது. நல்ல றாமைக் கொடுத்தவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. எங்கட பாகப் பெட்டியில் முதல் பொருளாக அது கிடக்கிறது. இரண்டாவதாக ஒரு பவர் சப்ளை வந்திருக்கிறது. உங்கட வீட்டு அலுமாரிக்கு மேலே என்ன கிடக்கிறது என்று ஒருக்கால் ஏறிப் பாருங்கள். அடுத்த முறை பெட்சீற்றால் சுற்றிக்கொண்டு துறைக்குப் போக முதல் எங்களிடம் வாருங்கள். எங்களால் ஏலாமல் போனால் பாதை இருக்கிறது, ஏறிப் போங்கள். ஆனால் "என்ன பழுது?" என்று யாரும் கேட்டால், பதில் ஒன்று உங்களிடம் இருக்கும்.