மணல் மூட்டையும் மருந்துச் சோதனையும்

கதிரியக்க மருந்தை இரத்தத்தில் ஏற்றிப் புற்றுநோயைத் தாக்கும் முறை பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர் ஒருவர், "நோயுற்ற இடத்திற்கென அனுப்பும் கதிர்ப்பொருள் வழியிலே கழன்றுவிடாது என்பதற்கு என்ன உறுதி?" என்று வினவியுள்ளார். அவர் இல்லத்திலேயே ஒருவர் இச்சிகிச்சை பெறவிருக்கிறாராம். ஆதலின் விடை கூறுவது நம் கடமையாகிறது.

லுட்டீசியம்-177 டோட்டாடேட் என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். குடலிலும் கணையத்திலும் தோன்றும் ஒருவகைக் கட்டிகளுக்கென 2018இல் அமெரிக்க அரசு இதனை அனுமதித்தது. நம் நாட்டில் டிராம்பேயிலுள்ள துருவா அணு உலையில் லுட்டீசியம்-177 ஆக்கப்படுகிறது. இம்மருந்தில் புற்றணுக்களைத் தேடிப் பற்றும் சிறு புரதத்துண்டு ஒன்று உண்டு, அதனோடு பிணைந்த 'டோட்டா' என்னும் கூண்டு ஒன்று, கூண்டினுள் லுட்டீசியம். கூண்டு நெகிழ்ந்தால் வெளிப்படும் லுட்டீசியம் எலும்பிற் சென்று படியும். எலும்பின் மஜ்ஜையோ இரத்த அணுக்கள் பிறக்கும் இடம். அன்பரின் அச்சம் வீணன்று.

புதிய இரயில் பெட்டிகளை ஓட்டிப் பார்க்கும்போது, பயணிகளுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றுவதுண்டு. சுமை ஒன்றே, ஆபத்து இல்லை. மருந்துச் சோதனையிலும் இத்தகைய மூட்டை ஒன்று கிடைத்திருக்கிறது. இயற்கை லுட்டீசியத்தில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் லுட்டீசியம்-175; அது கதிர் வீசுவதில்லை. இரசாயனப் பிணைப்பை நிர்ணயிப்பவை எலக்ட்ரான்கள். அவை இரண்டிற்கும் ஒரே அமைப்பில் இருப்பதால், கூண்டு இரண்டையும் ஒன்றுபோலவே பற்றுகிறது.

ஆகவே, கதிரற்ற லுட்டீசியத்தை ஏற்றிய மருந்தை மனித இரத்தத்தின் தெளிநீரோடு கலந்து, உடற்சூடாகிய 37 பாகையில் வைக்கிறார்கள். குறித்த வேளைகளில் சிறிது எடுத்து, நிறப்பிரிகைக் குழாயின் வழியே செலுத்துகிறார்கள். சிதையாத மருந்து ஒரு நேரத்திலும், சிதைந்த துண்டுகள் வேறு நேரங்களிலும் வெளிவரும். நிறைமானி என்னும் கருவி அவற்றின் மூலக்கூறு எடையைக் கண்டு, இன்னது இன்னதென அடையாளம் காட்டும். உலோகத்தைப் பறிக்க வல்ல வேறொரு பொருளை வேண்டுமென்றே சேர்த்து, கூண்டு விட்டுக்கொடுக்கிறதா என்றும் பார்ப்பர்.

இதில் ஈயச் சுவர் வேண்டா. கதிர்க் கழிவும் இல்லை. நேரமும் தாராளம். லுட்டீசியம்-177 ஏறத்தாழ ஆறரை நாளில் பாதியாகிவிடும்; நோயைப் படமெடுக்க உதவும் காலியம்-68 அறுபத்தெட்டே நிமிடத்தில் பாதியாகிவிடும். கதிரற்ற உலோகத்தையோ வாரக்கணக்கில் வைத்துச் சோதிக்கலாம்.

எனினும் மணல் மூட்டை மனிதனாகிவிடாது. கதிர்ப்பொருள் வீசும் கதிரே தன்னைச் சுமக்கும் மூலக்கூறைச் சிதைக்கக்கூடும். கதிரற்ற சோதனை இதனைக் காட்டாது. அதனாலேயே மருந்தில் வைட்டமின் சி போன்ற காப்புப் பொருளைச் சேர்க்கிறார்கள். மெய்யான கதிர்மருந்தையும் தனியே சோதிக்கிறார்கள்.

அன்பருக்கு நாம் கூறுவது இதுவே: கூண்டின் உறுதி பன்முறை சோதிக்கப்பட்டது, ஆயினும் முற்றிலும் கழலாத முடிச்சு உலகில் இல்லை. மேலும், கட்டியை நாடி இரத்தத்தில் செல்லும் மருந்தின் கதிரே மஜ்ஜையில் ஓரளவு படும். ஆகையால்தான் ஒவ்வொரு தவணைக்கு முன்பும் இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கிறார்கள். அப்பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்; அதன் முடிவை மருத்துவரிடம் கேட்டறியத் தயங்காதீர்கள்.