வாப்பாவின் காரும் கராஜ் மூலையில் கிடக்கும் எஞ்சினும்



வாப்பா மௌத்தாகி, கடன், வஸிய்யத் எல்லாம் முடிந்து சொத்தைப் பங்கிட உட்காருகிறீர்கள். வீடு, காணி, கடை என்று எழுதி முடித்தபின் கடைசியில் வருவது அந்தப் பழைய மொரிஸ் மைனர். "அது ஒரிஜினல் எஞ்சின் இல்லையே, என்ன பெறுமதி இருக்கப் போகிறது? நானாவே எடுத்துக்கொள்ளட்டும்" என்று ஒருவர் சொல்வார். அந்த இடத்தில் கொஞ்சம் பொறுங்கள்.

இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை தயாரான இந்தக் காருக்கு ஒரே எஞ்சின் இருக்கவில்லை. முதலில் 918 சீசீ, 1952இல் 803, 1956இல் 948, 1962இல் 1098. ஆகவே 1958ஆம் ஆண்டுக் காரில் 1098 எஞ்சின் இருந்தால் அது அதனோடு வந்ததல்ல. ஆனாலும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. விலை சற்றுக் குறையுமே தவிர, பழைய கார் பிரியர்கள் அதை ஒதுக்குவதில்லை.

ஜப்பான் எஞ்சின் என்றால் கதை வேறு. 1977க்கு முன் நம் நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்ததும், பிறகு பாவித்த ஜப்பான் எஞ்சின்கள் தாராளமாக வந்ததும் பெரியவர்களுக்கு ஞாபகமிருக்கும். கார் ஓட வேண்டுமே என்று வாப்பாமார் மாற்றினார்கள். அதில் குற்றமில்லை. அன்றாட ஓட்டத்துக்கு அது வசதியும்கூட. ஆனால் பழைய கார் சேகரிப்பவர் வசதியைத் தேடி வருவதில்லை. எஞ்சினைப் பொருத்துவதற்காக பொடியை வெட்டியிருந்தால் நட்டம் பெரிது. வெட்டாமல் பொருத்தியிருந்தால் பழையதைத் திரும்பவும் ஏற்றலாம்.

அந்தப் பழையது எங்கே? அநேகமான வீடுகளில் கராஜ் மூலையில் சாக்கு மூடிக் கிடக்கும். அதன் பக்கவாட்டில் ஒரு சிறு தகடு இருக்கும். அதிலுள்ள இலக்கமும் பழைய பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் ஒன்றானால், அதைப் பழைய இரும்பு விலைக்குப் போட வேண்டாம். காரோடு சேர்ந்தால் அது காரின் பெறுமதியையே உயர்த்தும். அதுவும் மௌத்தானவரின் சொத்துத்தான். சகோதரிகளுக்கும் அதில் பங்குண்டு. "எஞ்சின் மாறிய கார்" என்று குறைந்த விலைக்கு எடுத்துவிட்டு, ஆறு மாதத்தில் பழைய எஞ்சினை ஏற்றிக் கூடிய விலைக்கு விற்பதை என்னவென்பது? தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட சம்பவம் நாம் அறிந்ததே. அங்கே விற்பவர் குறையை மறைத்தார். இங்கே எடுப்பவர் நிறையை மறைக்கிறார்.

கார் தெரிந்த, குடும்பத்தோடு சம்பந்தமில்லாத ஒருவரைக் கொண்டு இரண்டு விலை கேளுங்கள்: இப்போதுள்ளபடி ஒன்று, பழைய எஞ்சினோடு சேர்த்து ஒன்று. வெளியாருக்கு விற்பதானால் எஞ்சின் மாறிய விடயத்தை வாய்விட்டுச் சொல்லி, ரசீதிலும் எழுதுங்கள். மறைத்த குறை தெரியவந்தால் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு ஷரீஅத்தில் உரிமையுண்டு. மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் விட்டிருந்தால் அதையும் முதலில் சரிசெய்யுங்கள்.

சகோதரிமார் கராஜ் பக்கம் போவதில்லை. இந்த ஒரு தடவை போய், அந்தச் சாக்கை நீங்களே தூக்கிப் பாருங்கள்.