மேகத்துக்குள் போக ஆயிரம் வழி, வெளியே வர?

"பி.காம். படிக்கிறவனுக்கு கிளவுட் கம்ப்யூட்டிங்கில் என்னடா வேலை?" என்று கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள் கேட்கிறார்கள். வேலை இருக்கிறது மக்களே. இந்தத் துறையில் பல வருடங்களாகத் தீராமல் கிடக்கும் ஒரு பிரச்சினைக்கு விடை உங்கள் புத்தகத்தில் இல்லை, என் புத்தகத்தில்தான் இருக்கிறது. கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 2000-ல் ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்கள் யுடிடிஐ என்று ஒன்றை அறிவித்தன. மென்பொருள் சேவைகளுக்கான மஞ்சள் பக்கங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிரல் தானே அதில் தேடி, தேவையான சேவையைக் கண்டுபிடித்து, இணைத்துக்கொள்ளும். ஒருவர் சரியில்லையா? அடுத்தவரிடம் மாறிக்கொள்ளலாம். சேவை சார்ந்த கணிமையின் உயிர்நாடியே இந்த "மாறிக்கொள்ளலாம்"தான். அந்தப் பொதுப் பதிவேட்டை 2006 ஜனவரியில் மூடிவிட்டார்கள். அதே வருடம் மார்ச்சில் அமேசான் எஸ்3 சேமிப்பகத்தைத் திறந்தது. ஆகஸ்ட்டில் இசி2 வந்தது. தேர்ந்தெடுக்கும் சந்தை படுத்துவிட்டது, வாடகைக் கட்டடம் எழுந்தது.

2009-ல் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேகக் கணிமைக்குப் பத்துத் தடைகளைப் பட்டியலிட்டார்கள். தேவைக்கேற்ப உடனே பெருகுவது, பெரிய அளவில் சேமிப்பது, சேவை நிற்காமல் ஓடுவது, தரவு ஒரே நிறுவனத்திடம் மாட்டிக்கொள்வது என்று போகும் அந்தப் பட்டியல். இன்று எடுத்துப் பாருங்கள். பெருகுவதும் சேமிப்பதும் பெருமளவு தீர்ந்துவிட்டன. மாட்டிக்கொள்வது மட்டும் அப்படியே இருக்கிறது. ஏன்? முதல் இரண்டையும் தீர்த்தால் விற்பவருக்கு லாபம். கடைசியைத் தீர்த்தால் அவருக்கு நஷ்டம். இதைப் புரிந்துகொள்ள அல்காரிதம் தேவையில்லை, பொருளியல் முதல் பாடம் போதும்.

"கிளவுட் என்பது மின்சாரம் மாதிரி" என்று செமினாருக்கு செமினார் சொல்கிறார்கள். சுத்தப் பொய். மின்சாரம் எங்கிருந்து வந்தாலும் என் வீட்டு ஃபேன் சுற்றும். கிளவுடில் கம்பெனியை மாற்றினால் ஃபேனைக் கழற்றி மோட்டாரை மறுபடி சுற்ற வேண்டும். டைனமோடிபி, லாம்ப்டா என்று ஒரே நிறுவனத்தின் சேவைகளை நம்பி எழுதிய நிரலை வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் பெரும்பகுதியைத் திருத்தி எழுத வேண்டியதுதான். "அதான் குபெர்னெட்டிஸ் இருக்கே" என்பீர்கள். அது பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும். பெட்டி நம்பியிருந்த தரவுத்தளமும் அனுமதி விதிகளும் பழைய வீட்டிலேயே நிற்கும்.

அடுத்து எஸ்.எல்.ஏ. என்னும் சேவை ஒப்பந்தம். 99.9 சதவீதம் ஓடும் என்பார்கள். 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் நிற்கலாம் என்று அர்த்தம். ஒரு கடை மாதம் 20,000 ரூபாய் கட்டுகிறது, தீபாவளிக்கு முந்தின நாள் நான்கு மணி நேரம் சேவை நின்றுவிட்டது என்று வையுங்கள். 720 மணியில் நான்கு போனால் 99.44 சதவீதம். எஸ்3 ஒப்பந்தத்தில் 99-க்கும் 99.9-க்கும் இடையில் இருந்தால் கழிவு 10 சதவீதம். ஆக 2,000 ரூபாய். அதுவும் நாம் விண்ணப்பித்துக் கேட்டால்தான். அன்று போன வியாபாரம்? அது உங்கள் தலையெழுத்து.

நான்கு மணி நேரம் என்பது என் கற்பனையில்லை. 2017 பிப்ரவரி 28 அன்று ஓர் ஊழியர் தட்டிய தவறான கட்டளையால் எஸ்3 ஏறக்குறைய அவ்வளவு நேரம் தடுமாறியது.

வணிகச் சட்டம் படித்தவர்களுக்கு 1854-ம் வருட ஹாட்லி எதிர் பாக்சென்டேல் வழக்கு ஞாபகம் இருக்கும். மாவு ஆலையின் உடைந்த தண்டைக் கொண்டுபோனவர்கள் தாமதம் செய்தார்கள், ஆலை நின்றது. ஆனால் இழந்த லாபம் ஆலைக்காரருக்குக் கிடைக்கவில்லை. தண்டு வராவிட்டால் ஆலையே நிற்கும் என்பது கொண்டுபோனவர்களுக்குத் தெரியாது என்றது நீதிமன்றம். நம் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 73-ம் பிரிவிலும் இதே கொள்கைதான். கிளவுட் விற்பவருக்கு இந்தச் சாக்கு உண்டா? "உங்கள் முழு வியாபாரத்தையும் எங்களிடம் ஓட்டுங்கள்" என்று விளம்பரம் செய்பவரே அவர்தானே! எல்லாம் தெரிந்தும் பொறுப்பை பில்லின் ஒரு பங்கோடு முடித்துக்கொள்கிறார்.

இன்னொன்று. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைக்குப் பிறகு, இந்தியாவில் எண்ணெய் சுத்திகரிக்கும் நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாஃப்ட் சேவைகளை நிறுத்தியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றம் போனது. சில நாட்களில் சேவை திரும்ப வந்தது. அவ்வளவு பெரிய கம்பெனி வக்கீல் வைத்தது. நம் தெருமுனை ஜவுளிக்கடை என்ன செய்யும்?

உடனே "அப்போ எல்லோரும் சொந்த சர்வர் வாங்கணுமா?" என்று கிளம்பாதீர்கள். சின்ன வியாபாரிக்கு கிளவுட் வரம்தான், மறுக்கவில்லை. நான் கேட்பது வாசல் கதவு. கதவு வைத்தவர்கள் பிழைத்தார்கள். 2024 மே மாதம் ஆறு லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள் கொண்ட ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதி யூனிசூப்பரின் கூகுள் கிளவுட் அமைப்பு ஒரு அமைப்புப் பிழையால் அழிந்துபோனது. இன்னொரு நிறுவனத்திடமும் காப்புப் பிரதி வைத்திருந்தது தரவு இழப்பைக் குறைத்தது என்று இரு தரப்பும் கூட்டாகவே அறிவித்தன.

சட்டத்தால் முடியுமா? முடியும். ஐரோப்பாவின் தரவுச் சட்டம் 2027 ஜனவரி 12 முதல் மாறுவதற்குக் கட்டணமே கூடாது என்கிறது. அந்தச் சட்டம் கண்ணுக்குத் தெரிந்ததுமே, 2024-ன் முதல் மூன்று மாதங்களுக்குள் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் வெளியேறும் வாடிக்கையாளருக்குத் தரவு எடுத்துச்செல்லும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தன. ஆய்வுக் கட்டுரைகளால் ஆகாததை ஒரு சட்டம் சாதித்தது.

ஆகவே ஆய்வாளர்களே, வேகத்தை இன்னும் இரண்டு மில்லிசெகண்ட் கூட்டியது போதும். வெளியேற என்ன செலவாகும் என்பதை அளக்க ஒரு முறை கண்டுபிடியுங்கள். தணிக்கையாளர்கள் அந்தத் தொகையைக் கேட்கட்டும், கம்பெனிகள் ஆண்டறிக்கையில் காட்டட்டும். மறைந்திருக்கும் கடனைக் கணக்கில் காட்டச் சொல்வது எங்கள் பாடத்தின் அடிப்படை. வெளியே வர என்ன விலை என்று தெரியாமல் உள்ளே போவதற்குப் பெயர் சேமிப்பு இல்லை. தேதி போடாத கடன்பத்திரத்தில் கையெழுத்து.