இஸ்டாலன் பெண்ணும் வேவுக் கதையும்

நார்வே நாட்டின் மேற்குக் கரையிலுள்ள பெர்கன் நகரத்தை அடுத்து, உல்ரிக்கன் மலையின் வடபுறச் சரிவில், இஸ்டாலன் என்னும் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1970-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமையன்று, தம் இரு புதல்வியரோடு அங்கே நடந்து சென்ற ஒருவர், பாறைகளின் நடுவே முன்புறமெல்லாம் கருகிக் கிடந்த ஒரு பெண்ணின் சடலத்தைக் கண்டார். அந்த மாது யார், எந்த ஊரார், யாருடைய மகள் என்பது இன்றளவும் தெரியாது. அவர் ஒரு வேவுகாரி, பனிப்போர்க் காலத்தில் ஏதோ ஒரு வல்லரசின் பொருட்டு நார்வேயின் ராணுவ ரகசியங்களை அறிய வந்தவர், காரியம் வெளிப்பட்டதும் கொல்லப்பட்டவர் என்ற அபிப்பிராயம், முதலில் சந்தேகமாகப் பிறந்து, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாய்க்கு வாய் மாறி, இப்பொழுது ஏறக்குறைய சரித்திர உண்மை என்ற அந்தஸ்தையே அடைந்துவிட்டது. இந்த அபிப்பிராயம் ருசுவாகவில்லை என்பதும், அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுபவற்றுள் பல, நிதானித்துப் பார்க்குமிடத்து, அதற்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன என்பதும் என் கருத்து.

வேவுக் கதையைச் சொல்வோர் முதலில் எடுத்துக்காட்டுவது அந்த மாதின் பெயர்களை. அயல்நாட்டிலிருந்து வந்து நார்வேயின் ஹோட்டல்களில் தங்குவோர் தம் விவரங்களைப் படிவமொன்றில் எழுதித் தரவேண்டியது அக்காலத்து வழக்கம். போலீஸார் அப்படிவங்களைத் திரட்டி, கையெழுத்தை ஒப்புநோக்கி, ஜெனவீவ் லான்சியர், குளோடியா டீல்ட், வேரா யார்லே, பெனெல்லா லார்ச் என்றெல்லாம் ஏறக்குறைய எட்டுப் பெயர்களில் தங்கியவர் இந்த ஒருவரே என்று கண்டனர். பெரும்பாலான படிவங்களில் தாம் பெல்ஜியம் நாட்டவர் என்று அவர் எழுதியிருந்தார். எட்டுப் பெயர் என்றால் எட்டுப் பொய்யான பாஸ்போர்ட்டுகள் இருந்திருக்க வேண்டும், அவற்றை ஒரு ராஜாங்கத்தைத் தவிர வேறு யார் செய்து தர முடியும் என்று கேட்கிறார்கள். அந்த எட்டில் ஒன்றேனும் அகப்பட்டதா என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். சடலத்தின் அருகே பாஸ்போர்ட் வைக்கும் பிளாஸ்டிக் உறை ஒன்று கிடந்ததேயன்றி, பாஸ்போர்ட் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. கையில் கிடைத்தவை, அவரே தம் கையால் நிரப்பிய படிவங்கள். அவற்றிலிருந்து பாஸ்போர்ட்டுகளை அனுமானித்து, பாஸ்போர்ட்டுகளிலிருந்து ராஜாங்கத்தை அனுமானித்து, இரண்டாவது அனுமானத்தையே முடிந்த முடிபாக வைத்துவிட்டார்கள்.

அது கிடக்கட்டும், பாஸ்போர்ட்டுகள் இருந்தன என்றே ஒப்புக்கொண்டு பார்ப்போம். ஒற்றருடைய தொழிலின் முதல் லட்சணம் பிறர் நினைவில் தங்காதிருத்தல். திறமையான வேவு ஸ்தாபனம் தன் ஆளுக்கு நன்றாக ஜோடிக்கப்பட்ட ஒரே பெயரையும், கேட்டால் விடை சொல்லக்கூடிய ஒரே வாழ்க்கைக் கதையையும் கொடுத்து அனுப்புமேயல்லாது, பெர்கன் போன்ற சிறிய நகரத்திலேயே ஒரு ஹோட்டலில் ஒரு பெயரும் அடுத்ததில் மற்றொரு பெயரும் எழுதும்படி விட்டுவைக்குமா? புதிய பெயர் ஒவ்வொன்றும் அதே கையெழுத்தில் இன்னொரு படிவத்தைப் போலீஸாருக்கு விட்டுச் சென்றது. போதாததற்கு, ஹோட்டலில் சேர்ந்த பிறகு அறையை மாற்றித் தரும்படி கேட்பது அவருக்கு வழக்கம் என்று சிப்பந்திகள் நினைவுகூர்ந்தார்கள். ஸ்டவாங்கர் நகரில் ஒரு செருப்புக் கடைக்குச் சென்று ரப்பர் பூட்ஸ் வாங்கியவர், எதை எடுப்பது, எதை விடுவது என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததால், கடைக்காரருடைய மகன் அவரை மறக்கவே இல்லை; அவரிடமிருந்து வீசிய வாடைகூட அந்த இளைஞருக்கு நினைவிலிருந்தது; அது பூண்டு வாடை என்று அவர் பின்னாளில் தெரிந்துகொண்டார். நார்வே மக்கள் அக்காலத்தில் பூண்டை அதிகம் சமைத்தவர்களல்லர். சென்ற இடத்திலெல்லாம் இவ்வாறு ஞாபகத்தை விதைத்துச் சென்ற ஒருவரை மறைந்து திரியப் பயின்றவர் என்று எப்படிச் சொல்வது?

பொய்ப்பெயர் பூண்டு ஊர் ஊராய்ச் செல்பவர் ஒற்றர் மட்டுந்தானா? கள்ளக் கடத்தலில் ஈடுபட்டவர், காசோலை மோசடி செய்பவர், கொடிய கணவனிடமிருந்து தப்பி ஓடுபவர், தம்மை யாரோ பின்தொடர்வதாக எண்ணி அஞ்சும் மனநோயாளர் ஆகிய யாவரும் இதையே செய்வர். இவருள் இன்னார்தாம் அந்த மாது என்று நான் சாதிக்க வரவில்லை. பல வாயில்கள் திறந்திருக்கும்பொழுது ஒன்றை மட்டும் காட்டி வேறு வழியில்லை என்பது நியாயமாகாது என்பதே என் ஆட்சேபம்.

அடுத்து அவர்கள் காட்டும் சங்கேதக் குறிப்பைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. பெர்கன் ரயில் நிலையத்தில் பெட்டிகளை ஒப்படைத்து வைக்கும் இடத்திலிருந்து அந்த மாதின் இரண்டு பெட்டிகளைப் போலீஸார் எடுத்தபொழுது, எழுத்தும் எண்ணும் கலந்த குறிப்பு ஒன்று கிடைத்தது. கேட்டவர் உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆராய்ந்து பார்த்ததில், மாதத்தின் முதலெழுத்து, தேதி, ஊரின் முதலெழுத்து என்று, எங்கெங்கே எத்தனை நாள் தங்கினார் என்பதைச் சுருக்கி எழுதிய பிரயாணக் கணக்காகவே அது முடிந்தது. தலைநகரங்களுக்கு அனுப்பப்பட்ட ரகசியச் செய்தி எதுவும் அதில் இல்லை.

அப்பெட்டிகளில் இருந்த மற்றப் பொருள்களையும் காட்டுகிறார்கள். பொய்ம்முடி, பார்வைக்குறை தீர்க்காத வெறுங்கண்ணாடி போட்ட மூக்குக்கண்ணாடி, உள்துணியில் ஒளித்த நூறு ஜெர்மன் மார்க் நோட்டுகள் ஐந்து, பல தேசத்து நாணயங்கள், அடையாளச் சீட்டுகள் கத்தரிக்கப்பட்ட உடைகள், மருத்துவர் பெயர் நீக்கப்பட்ட தோல்நோய்க் களிம்பு ஆகியவை அங்கே இருந்தன. பொய்ம்முடி 1970-இல் ஐரோப்பியப் பெண்டிரிடையே நாகரிகமாகப் பரவியிருந்த அலங்காரம். தனியே ரயிலில் நெடுந்தூரம் போகும் பெண் சிறிது பணத்தைப் பெட்டியின் உள்துணியில் மறைத்து வைப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. சீட்டுகளைக் கத்தரித்ததும், களிம்பின் மேல் இருந்த பெயரை நீக்கியதும் அப்படி எளிதாகத் தள்ளிவிடக் கூடியவை அல்ல. தாம் யாரென்று பிறர் அறியாதிருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார் என்பதை, அல்லது வேறொருவர் விரும்பினார் என்பதை, நான் மறுக்கவில்லை. ஆனால் இத்தனை சிரத்தையோடு அடையாளங்களை அழித்த அதே பெட்டிகளில், ஸ்டவாங்கர் செருப்புக் கடையின் பெயர் அச்சிட்ட பை அப்படியே இருந்தது; கறுப்புக் கண்ணாடியில் விரல் ரேகையும் இருந்தது. பெட்டிகள் அவருடையவை என்று தெரிந்தது அந்த ரேகையால்; ஹோட்டல்களுக்கு வழி காட்டியது அந்தப் பை. பயிற்சி பெற்றவர் செய்யும் பிழைகளா இவை?

இனி, வேவுக் கதையின் மிக வலிமையான வாதத்துக்கு வருகிறேன். அக்காலத்தில் நார்வே, பெங்குவின் என்ற பெயரில், சிறிய போர்ப்படகுகளிலிருந்து ஏவக்கூடிய ஏவுகணையை ரகசியமாகச் சோதித்து வந்தது. நேட்டோ உடன்படிக்கையில் ஆதிமுதல் சேர்ந்த நாடு அது. வடகோடியில் சோவியத் ரஷ்யாவோடு எல்லையும் உடையதாயிருந்தது. ஆகவே அந்தச் சோதனைகளை அறிய வெளியார் ஆசைப்பட்டிருப்பர் என்பதில் ஐயமில்லை. பின்னாளில் வெளியான ஆவணங்களில், இந்த மாதின் பிரயாணங்கள் சில அந்தச் சோதனைகளோடு காலத்தால் ஒத்துப்போவதை ராணுவத்தார் கவனித்திருக்கிறார்கள் என்பதும், ஸ்டவாங்கருக்கு அருகே ஒரு மீனவர் இத்தகைய பெண்ணைக் கண்டதாகக் கூறினார் என்பதும் காணப்படுகின்றன.

ஆனால் நார்வேயின் பெரிய பட்டணங்களை ஒரு முறை தேசப்படத்தில் வைத்துப் பாருங்கள். பெர்கன், ஸ்டவாங்கர், டிரொன்ஹெய்ம் மூன்றும் அந்த நீண்ட கடற்கரையில் இருப்பவை. ரயிலும் விமானமும் கப்பலும் அயல்நாட்டாரை இறக்கிவிடும் ஊர்களும் அவையே. கடற்படை தன் சோதனைகளைக் கடலோரத்தில் நடத்தாமல் வேறெங்கே நடத்தும்? அந்த ஆண்டில் அவ்வூர்களுக்கு மறுபடி மறுபடி வந்துபோன வியாபாரிகள், மாலுமிகள், உல்லாசப் பிரயாணிகள் எத்தனையோ பேருடைய நாட்குறிப்புகளையும் சோதனைத் தேதிகளோடு வைத்துப் பார்த்தால், ஒற்றுமை காண்பது கடினமாயிராது. ராணுவத்தார் விசாரித்ததை ஒரு ருசுவாகச் சொல்வதும் பொருந்தாது. பொய்ப்பெயர்களோடு திரிந்த அயல்நாட்டுப் பெண் ஒருவர் கருகி இறந்து கிடக்க, பனிப்போர்க் காலத்து ராணுவம் அதை விசாரியாதிருந்தால் அல்லவா வியப்பு! அந்த ஆவணங்கள் ஒரு கேள்வியை எழுப்புகின்றன. எந்த ராஜ்யத்துக்கு உழைத்தார், யாரைச் சந்தித்தார், எதை எடுத்துச் சென்றார் என்ற மூன்றில் ஒன்றுக்கேனும் அவற்றில் விடை இல்லை.

இறந்த விதத்தையே கொலைக்குச் சாட்சியாக்குவோரும் உண்டு. பிரேதப் பரிசோதனையில் வெளிப்பட்டவை நெஞ்சை உலுக்குவன. வயிற்றில் பினமால் என்னும் தூக்க மாத்திரைகள் ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட தொகையில் இருந்தன. நுரையீரலில் புகைக்கரி படிந்திருந்தது. தீப்பற்றியபொழுது அவர் உயிரோடிருந்தார் என்பது அதன் பொருள். மாத்திரையின் விஷமும் கார்பன் மோனாக்சைடு வாயுவும் சேர்ந்து உயிரைப் போக்கின. கழுத்தில் ஒரு கன்றல் இருந்தது; அடியாலும் நேர்ந்திருக்கலாம், விழுந்ததாலும் நேர்ந்திருக்கலாம். பெட்ரோலின் சுவடும் கண்டனர். ரகசிய ஸ்தாபனமொன்று ஒருவரைச் சத்தமின்றி மறைத்துவிட விரும்பினால், பியோர்டு எனப்படும் ஆழ்ந்த கடற்கழிகள் ஊர்தோறும் இருக்கும் நாட்டில், அவற்றை விட்டுவிட்டு, நகரத்தார் விடுமுறையில் உலாவப் போகும் மலையடிவாரத்துக்கு ஆளைக் கொண்டுபோய், ஐம்பதுக்கு மேற்பட்ட மாத்திரைகளை விழுங்கச் செய்து, தீயும் மூட்டி, குடையையும் கைக்கடிகாரத்தையும் மதுக் குப்பியையும் பக்கத்தில் விட்டு, பெட்டிகளையும் ரயில் நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடக்க விட்டுப் போகும் என்று நம்புவதற்கு மிகுந்த சிரமம் வேண்டியிருக்கிறது. போலீஸார் இதைப் பெரும்பாலும் தற்கொலை என்று முடித்ததையும் நான் ஆதரிக்கவில்லை. அம்முடிவு ஐயங்களைத் தீர்க்காமல் அவசரமாகச் செய்யப்பட்டதாகவே எனக்குப் படுகிறது. எனினும், தற்கொலை ருசுவாகாததால் வேவு ருசுவாகிவிடாது. இரண்டுக்கும் இடையே, காதலால், பணத்தால், பகையால் நிகழும் சாதாரணக் கொலைகளின் பெரும்பரப்பு கிடக்கிறது. அந்தப் பக்கம் போய்த் தேடினவர்கள் மிகச் சிலரே.

மலைப்பாதையில் இந்த மாதும், அவருக்குப் பின்னால் இரண்டு ஆடவரும் வரக் கண்டதாகவும், அதைச் சொன்னபொழுது மறந்துவிடும்படி ஒரு போலீஸ்காரர் கூறியதாகவும் உள்ளூர்க்காரர் ஒருவர் தெரிவித்த சாட்சியம் நிகழ்ச்சிக்கு முப்பது ஆண்டுகளுக்கும் பிற்பட்டது. அதற்குள் வேவுக் கதை அந்நகரத்தில் குழந்தைக்கும் தெரிந்திருந்தது. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. பல்லாண்டு கேட்ட கதை தான் கண்ட காட்சியோடு கலந்துவிடுவது மனித ஞாபகத்தின் இயல்பு.

இத்தனை மறுப்புக்கும் என்ன அவசியம், இறந்தவர் இறந்துவிட்டார் என்று கேட்கலாம். 1971-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் தேதி பெர்கனில் மொலெண்டால் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தபொழுது, உடலைப் பின்னர் எடுக்க நேருமென்று துத்தநாகப் பெட்டியில் வைத்தார்கள். உறவினர் என்றேனும் வந்தால் காட்டவேண்டும் என்று சடங்கைப் புகைப்படமும் எடுத்தார்கள். போலீஸார் சிலரைத் தவிர அங்கே துக்கத்துக்கு ஆளில்லை. ஆயினும் அவர்கள் உறவினரை எதிர்பார்த்தார்கள். வேவுக் கதை அந்த எதிர்பார்ப்பைக் கொன்றது. வேவுகாரிக்கு ஊரில்லை, பெயரில்லை, அவளைத் தேட யாரும் வரமாட்டார்கள் என்ற எண்ணம், அந்த மாதுக்கு ஒரு தாயும் பள்ளிக்கூடமும் அண்டை வீட்டாரும் இருந்திருக்க வேண்டும் என்ற நினைவையே பொதுமக்கள் மனத்திலிருந்து அகற்றியது.

2016-ஆம் ஆண்டில் நார்வேயின் ஒலிபரப்பு ஸ்தாபனமான என்.ஆர்.கே. இவ்விவகாரத்தை மீண்டும் கையிலெடுத்ததும், அழியாமல் பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த தாடையெலும்பு ஆய்வுக்கு வந்ததும், வேவு பேசியவர்கள் செய்யாததைச் செய்தன. பல்லின் மேற்பூச்சு குழந்தைப் பருவத்தில் உருவாகும்பொழுது, அந்தந்தப் பிரதேசத்துத் தண்ணீரிலும் உணவிலும் உள்ள மூலகங்களின் சுவடு அதில் படிந்து, ஆயுள் முழுதும் மாறாமல் நிற்கும். அதைப் படித்த விஞ்ஞானிகள், அவர் 1930-ஐ ஒட்டி, ஜெர்மனியில் நூரம்பெர்க் நகரத்திலோ அதன் சுற்றுப்புறத்திலோ பிறந்து, சிறுவயதிலேயே பிரான்சுக்கோ பிரான்சின் எல்லைப்புறத்துக்கோ குடிபெயர்ந்தவராக இருக்கலாம் என்றார்கள். பிரெஞ்சு மொழிச் சூழலில் எழுதக் கற்றவர் என்று கையெழுத்தும் சொல்லிற்று. 1930-களின் நூரம்பெர்க் என்றதும் மனம் தாவுகிறது: எத்தனை குடும்பங்கள் அந்நாளில் மேற்கு நோக்கி ஓடின! இங்கும் நாம் கைகட்டி நிற்கவேண்டும். அக்குழந்தை யூதர் வீட்டுப் பிள்ளையா, பிழைப்புத் தேடிப் பெயர்ந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளையா என்பதற்குப் பல்லில் சான்றில்லை. ஒரு கதையை ஒதுக்கிவிட்டு மற்றொரு கதையை அவர்மேல் போர்த்துவது ஒருபோதும் அவருக்குச் செய்யும் நீதியாகாது.

ஆனால் இந்தச் சான்று, தேடவேண்டிய இடத்தைக் குறுக்கித் தந்திருக்கிறது. நூரம்பெர்க் வட்டாரத்தின் பிறப்புப் பதிவேடுகளிலும், பிரெஞ்சு எல்லைப்புறப் பள்ளிகளின் அக்காலத்து வருகைப் பட்டியல்களிலும், 1970-க்குப் பிறகு கடிதம் எழுதாமல் போய்விட்ட அத்தையையோ தமக்கையையோ பற்றிய பேச்சு இன்னும் வழங்கும் குடும்பங்களிலும் அவருடைய மெய்ப்பெயர் இருக்கக்கூடும். ஏவுகணைச் சோதனையின் தேதிகளை ஒப்பிட்டுக் கழித்த உழைப்பில் ஒரு பங்கு அந்தப் பதிவேடுகளின்மேல் செலுத்தப்படவேண்டும். 1930-ஐ ஒட்டிப் பிறந்தவரோடு சிறுவயதில் பழகியவர்கள் இப்பொழுது தொண்ணூறு வயதை எட்டியோ கடந்தோ விட்டார்கள்.