நாண் வலிக்குங் கருவி

வட அமெரிக்க வேட்டைக்காரரிடையே நெடுநாளாக ஒரு வழக்கு நடந்து வருகின்றது. குறுக்குவில்லின் நாணை வெறுங்கையால் இழுத்துக் கொளுவுவதே ஆண்மை என்றும், கயிறும் கப்பியும் கொண்டு இழுப்பது சோம்பர்க்கும் நோயாளர்க்குமே உரியதென்றும் ஒரு சாரார் கூறுவர். கருவி இருக்கக் கையால் முயல்வது வீண் பிடிவாதம் என்பர் மற்றொரு சாரார். நம் மாணாக்கருள் வேட்டைக்குச் செல்வார் எவரும் இலர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் நம் நாட்டில் அதற்கு இடமளிக்கவும் இல்லை. ஆயினும் பௌதிகமும் வரலாறும் உயிரிரக்கமும் இவ்வழக்கில் ஒருங்கே கலந்து கிடத்தலின், இதனை எடுத்து ஆராய்தல் இம்மலரைப் படிப்பார்க்குச் சுவை தரும் என எண்ணினோம். எம் கருத்து இன்னதென்பதை முதற்கண்ணே கூறிவிடுகின்றோம். நியாயம் கருவியின் பக்கமே உளது. அதற்குக் காரணம் வேடனின் சுகம் அன்று, மானின் உயிர்.

குறுக்குவில் என்பது ஒரு மரத்தண்டின் முன்முனையில் வில்லைக் குறுக்கே பொருத்தியது. நாணைப் பின்னே இழுத்து ஒரு கொளுவியில் மாட்டிவிட்டால், விசையை அழுத்தும்வரை அது அங்கேயே நிற்கும். கைவில் வீரன் நாணை வலித்தபடியே குறிபார்க்க வேண்டும். குறுக்குவில்லானுக்கு அவ்வருத்தம் இல்லை. சிலப்பதிகாரத்திலே மதுரை மதிலின் பொறிகளுள் வளைவிற்பொறி என ஒன்று வருதலையும், உரைகாரர் அதனை எந்திரவில் எனக் கொள்ளுதலையும் தமிழ் பயில்வார் அறிவர். ஒரு சொல்லை இங்கே தெளிவாக்கிக் கொள்ளுதல் நலம். நாணேற்றுதல் என்பது வில்லின் இரு முனைகளிலும் நாணைப் பூட்டுதல். யாம் இங்குப் பேசுவது பூட்டிய நாணை வலித்துக் கொளுவுதலைப்பற்றி.

வலித்தலே இவ்வில்லின் இடர்ப்பாடு; பழங்காலந்தொட்டு அறிஞர் மூளையைச் செலவிட்டதும் அதன்மேலேயே. கிரேக்கர் செய்த பழைய குறுக்குவில்லின் பெயரே வயிற்றுவில் எனப் பொருள்படும். தண்டின் பின்முனையில் பிறைபோல் வளைந்த ஒரு கட்டை உண்டு. அதனை வயிற்றில் பொருத்தி, முன்முனையை நிலத்தில் ஊன்றி, உடற்பாரம் முழுவதையும் சாய்த்து நாணைப் பின்னே தள்ளுவர். அலெக்சாந்திரியா நகரத்து ஹீரோன் இதனை விவரித்துள்ளார். சீன நாட்டில் இவ்வில் மிகப் பழமையானது. 1974-ஆம் ஆண்டில் சீயான் நகரின் அருகே கண்டெடுத்த சுடுமண் வீரரோடு அதன் வெண்கல விசைகளும் கிடைத்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பைசாந்திய அரசகுமாரி அன்னா கொம்நேனா, சிலுவைப்போர் வீரரிடம் இவ்வில்லைக் கண்டு வியந்து, வலிப்பவன் மல்லாந்து கிடந்து இரு பாதங்களையும் வில்லில் ஊன்றி இரு கைகளாலும் நாணை இழுக்க வேண்டும் என எழுதி வைத்தார். போர்க்களத்தின் நடுவே மல்லாந்து கிடக்கும் போர்வீரன் நிலை இரங்கத்தக்கதே!

அம்மல்லாந்த கிடையினின்று வீரனை எழுப்பி நிறுத்தியது அங்கவடி. தண்டின் முனையில் இரும்பு வளையம் ஒன்றை வைத்து, அதனுள் பாதத்தை நுழைத்து நிலத்தில் அழுத்திக்கொண்டு, நின்றபடியே வலித்தனர். பின்னர் இடைக்கச்சையில் ஒரு கொக்கியைத் தொங்கவிட்டுக் குனிந்து நாணை மாட்டி நிமிர்ந்தனர். கையின் வேலையைத் தொடையும் முதுகும் ஏற்றுக்கொண்டன. அடுத்து ஆட்டுக்கால் எனப் பெயர்பெற்ற நெம்புகோல் வந்தது. இலேசானதாதலின் குதிரைவீரர் அதனை விரும்பினர். எஃகுவில் தோன்றியபின் நெம்புகோலும் போதாதாயிற்று. கப்பிகளும் கயிறும் இருபுறக் கைப்பிடியும் உடைய சுழலுருளை ஒன்று. பற்சட்டத்தைப் பற்சக்கரத்தால் நகர்த்தும் பெட்டிப்பொறி மற்றொன்று. இப்பெட்டிப்பொறி விலை மிகுந்தது, வேலைப்பாடு நிறைந்தது. குதிரைமேல் இருந்தபடியே சுழற்றலாமாதலின் வேட்டையாடும் பிரபுக்களுக்கு உகந்ததாயிற்று. வியன்னா நகரத்துக் கலைக்கூடத்தில் மூத்த லூக்காஸ் கிரானாக் 1529-ல் வரைந்த மான்வேட்டைப் படம் ஒன்று உண்டு. அதில் ஆற்றில் விரட்டப்பட்ட கலைமான்கள்மேல் குறுக்குவில் எய்து நிற்பவர் யாவர்? மார்ட்டின் லூத்தருக்குப் புகலளித்த சாக்சனி நாட்டு பிரெடெரிக்கு கோமானும், பேரரசர் மாக்ஸிமிலியனும் ஆவர். அக்காலத்துக் கோமக்கள் பொறிகொண்டு நாண் வலித்ததை எவரும் பேடிமை எனக் கூறினாரில்லை.

கருவி வளர வளர வில்லும் வலிமை பெற்று வந்தது என்பதும் கருதத்தக்கது. இங்கிலாந்து தேசத்துப் பெயின்-கால்வே துரை, 1903-ல் வெளியிட்ட தம் நூலில், ஏறத்தாழ 1200 இராத்தல் வலியுள்ள பழைய எஃகுவில் ஒன்றைச் சுழலுருளையால் வலித்து, 440 கெஜ அகலமுள்ள மெனாய் கடற்காலுக்கு அப்பால் கணைகளைச் செலுத்தியதைக் கூறுகின்றார். அத்துணை வலியுள்ள நாணை வெறுங்கையால் இழுக்க வல்லவன் எளிதிற் கிடையான். ஆயினும் கைப்பிடியைச் சுழற்ற வல்லவன் எவனும் அவ்வில்லை வலிப்பான். விரைவு குறைந்தது என்பது உண்மை. 1346-ல் கிரேசிப் போரில் ஜெனோவா நாட்டுக் குறுக்குவில்லார் ஆங்கிலக் கைவில்லார் முன் நிற்கமாட்டாது சிதறியதற்கு அவ்விரைவின்மையும் ஒரு காரணம். ஆனால் வேட்டையில் விரைவு முதன்மை அன்று. முதற்கணை செம்மையாய்ச் செல்லுதலே முதன்மை.

இக்காலத்து வேட்டைவில்லின் வலி பெரும்பாலும் 150 முதல் 200 இராத்தல் வரை உள்ளது. நாண் செல்லும் தூரம் பழைய எஃகுவில்லினும் மிகுதியாதலாலும், வில்முனைகளில் சக்கரங்கள் இருத்தலாலும், குறைந்த வலியிலேயே கணை மிக விரைந்து செல்கின்றது. இதற்குரிய கருவிகள் இரண்டு. ஒன்று கயிற்றுக் கருவி. ஒரு கயிறு, நாணிற் பூட்ட இரு கொக்கிகள், அவற்றோடு இணைந்த சிறு கப்பிகள், கயிற்றின் முனைகளில் இரு கைப்பிடிகள்; அவ்வளவே. கயிற்றின் நடுவைத் தண்டின் பின்புறப் பள்ளத்தில் வைத்து, கொக்கிகளைத் தண்டின் இருமருங்கும் நாணில் மாட்டி, அங்கவடியை மிதித்துக்கொண்டு கைப்பிடிகளை மேலே இழுக்க வேண்டும். ஒவ்வொரு கப்பியும் அசையுங் கப்பியாதலின், உராய்வு நீங்கலாக, 150 இராத்தல் 75 ஆகின்றது, கைக்கு முப்பத்தேழரை. நாண் 13 அங்குலம் வர, கை 26 அங்குலம் செல்ல வேண்டும். ஆற்றல் எங்கிருந்தும் இலவசமாக வருவதில்லை. பாரத்தைக் குறைத்து வழியை நீட்டினோம், அவ்வளவே. பௌதிகப் பாடநூலில் இதனினும் எளிய கணக்கு இல்லை. மற்றொன்று சுழற்றும் கருவி. தண்டோடு இணைந்த உருளையைக் கைப்பிடியால் மெல்லச் சுழற்றினால், ஒரு சிறுவனின் கைவலியே போதியதாகும்.

இனி, வழக்கின் உயிர்நிலைக்கு வருவோம். வெறுங்கையால் நாண் வலிப்பவனுக்கு வலக்கை இடக்கை இரண்டும் ஒத்த வலிமை உடையன அல்ல. ஒரு கை சற்றே முந்தும்; நாணின் நடுப்புள்ளி கொளுவியின் நடுவே அமையாது ஒருபால் ஒதுங்கும். அங்ஙனம் ஒதுங்கிய நாண் கணையை ஒருபுறம் தள்ளிச் செலுத்தும். அதனினும் பெருங்குற்றம், ஒவ்வொரு முறையும் ஒதுக்கம் வேறுபடுதல். ஒரே அளவாய்ப் பிழைப்பின் குறிகாட்டியைத் திருத்திக்கொள்ளலாம்; நாளுக்கொரு பிழையைத் திருத்துவது எங்ஙனம்? கயிற்றுக் கருவியோ இரு கொக்கிகளையும் ஒத்த தூரத்தில் இழுத்து, நாணை நடுவே கொணர்ந்து நிறுத்துகின்றது. கணை செல்லும் திசை கால் பாகை பிறழ்ந்தால் 40 கெஜத்தில் ஆறு அங்குலத்துக்கு மேல் விலகும் என்பதைக் கணக்கறிந்தார் எளிதிற் காண்பர். அட்டைக் குறியில் ஆறு அங்குலம் பெரிதன்று. மானின் உடம்பிலோ, அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையேயுள்ள தூரம்.

துப்பாக்கிக் குண்டைப்போல் கணை அதிர்ச்சியால் கொல்வதில்லை. அகன்ற அலகால் ஈரலையும் இதயத்தையும் அறுத்து, குருதி வடியச்செய்து கொல்கின்றது. நுரையீரலில் பட்ட மான் சில நொடிகளில் விழும். குடலில் பட்டதோ பல மணி நேரம் புதரிற் கிடந்து துடிக்கும். வேடன் அதனைக் காணாமலே வீடு திரும்பவும் கூடும். கையால் வலித்தலே ஆண்மை என்பார் இந்த மானை எண்ணிப் பார்த்தனரோ என்று ஐயுறுகின்றோம். வேட்டையே கூடாது என்பார் நம்முள் பலர் உளர். அவரோடு யாம் வழக்காட வரவில்லை. ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிகவும் அருகிப்போன வெள்ளைவால் மான், பின்னர்ப் பெருகி, இளமரக் கன்றுகளை மேய்ந்து அழிப்பதும், பெருவழிகளில் மோட்டார் வண்டிகளில் மோதி மடிவதும் அந்நாடுகளில் கண்கூடு. அரசாங்கமே அளவு வகுத்து வேட்டையை அனுமதிக்கின்றது. கொல்லுதல் உறுதி எனின், அது விரைவிற் கொல்லுதல் ஆகுக என்பதே எம் வேண்டுகோள்.

மூத்தோர், தோளில் புண்பட்டோர், மெல்லியர் ஆகியோர்க்கு இக்கருவி செய்யும் உதவியை விரித்துரைக்க வேண்டுவதில்லை. முன்னாளில் அமெரிக்க நாட்டு மாகாணங்கள் பலவற்றில், வைத்தியர் சான்று பெற்ற உறுப்புக்குறை உடையார்க்கே வில்வேட்டைப் பருவத்தில் குறுக்குவில் அனுமதிக்கப்பட்டது. பின்னர்ப் பென்சில்வேனியாவில் 2009 முதல் அது பொதுவாயிற்று. விஸ்கான்சின் மாகாணம் 2014-ல் குறுக்குவில்லுக்கெனத் தனிப்பருவமே வகுத்தது. கிரேட் பிரிட்டனோ வில்லாலும் குறுக்குவில்லாலும் காட்டுவிலங்கைக் கொல்லுதலை 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலக்கியுள்ளது. கைவில்லார் சிலர், குறுக்குவில் வில்லே அன்று எனக் கூறி இன்றும் முகஞ்சுளிப்பர். அது பெயரைப்பற்றிய பூசல். வலிக்குங் கருவிக்கும் அதற்கும் தொடர்பில்லை. குறுக்குவில்லை ஏற்றவர், அதனைச் செவ்வையாய் வலித்தற்குரிய கயிற்றை மட்டும் மறுப்பதுதான் எமக்கு விளங்கவில்லை. விசையும் கொளுவியும் பொறியல்லவோ? அவற்றை ஏற்றபின் கப்பி என்ன குற்றம் செய்தது?

கருவியின்மேல் சொல்லத்தக்க மெய்க்குற்றங்களும் உள. சுழற்றுங் கருவி மெதுவானது, பாரமானது. சிலவற்றின் பற்சக்கரம் கடகடவென ஒலித்து மானை வெருட்டும். தடுப்புநா இல்லாத பொறியில் பாதிவழியில் கை நழுவின், கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரலை முறிக்கும். கயிற்றுக் கருவியில் கொக்கி ஒருபுறம் சரியாக மாட்டாதிருப்பின் பயனே கெடும். நாண் கொளுவியில் அமர்ந்த ஒலி கேட்டபின்னரே கயிற்றைத் தளர்த்த வேண்டும். எய்வதற்குமுன் அதனை முற்றும் கழற்ற வேண்டும். கணை வையாது வெறுவில்லை விடுதல் வில்லையே சிதைக்கும். மரத்தின்மேற் கட்டிய பரணில் குனிந்துநின்று நாண் வலிக்க முயல்வது, எக்கருவி கொண்டாயினும், விழுவதற்கு வழி. கீழே நின்று வலித்து, கணை வையாத வில்லைக் கயிற்றால் மேலே ஏற்றிக்கொள்ளுதலே தக்கது.

இவற்றை எல்லாம் சீர்தூக்கின், உடல்வலி உடையார்க்குக் கயிற்றுக் கருவியே சிறந்ததெனத் தோன்றுகின்றது. விலை குறைந்தது, சட்டைப்பையில் அடங்கும், ஓசையற்றது, கெடுதற்கு உறுப்பும் மிகுதியாய் இல்லை. சுழற்றுங் கருவி, 75 இராத்தலையும் இழுக்கமாட்டாதவர்க்கு உரியது; அவர் அதனைக் கைக்கொள்வதில் நாணுதற்கு ஏதுமில்லை. அந்நாடுகளில் வேட்டை உரிமம் பெறப் புகும் இளைஞருக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்துகின்றனர். அவ்வகுப்புகளில் முதல்நாள் தொட்டே கயிற்றால் வலிக்கப் பழக்கி, வெறுங்கையால் வலித்தலைக் கயிறு அறுந்த வேளைக்குரிய மாற்றுவழியாக மட்டும் கற்பிக்க வேண்டும் என்பது எம் கருத்து.